ஆளா, பாட்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். இணையதளத்துக்கு வருகிறவர்களில் யார் மனிதர், யார் பாட் என்னும் தானியங்கி நிரல், அந்த நிரல்கள் நம் கணக்கை எந்த அளவுக்குக் கெடுக்கின்றன என்பதே அது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஏ-பி சோதனை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, வருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, எந்த வடிவம் நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பது.

மேடம், பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றி ஏ-பி சோதனை நடத்துகிறோம். முதல் வாரம் பழைய வடிவத்தில் 5 சதவீதம் பேர் வாங்கினார்கள், புதியதில் 6 சதவீதம். இரண்டாம் வாரம் வருகை திடீரென்று இரு மடங்கு ஆகிவிட்டது, வாங்கும் விகிதமோ 2.5, 3 என்று சரிந்துவிட்டது. எல்லாம் பாட் என்று தெரிகிறது. சோதனையே பாழ், நிறுத்து என்கிறார் மேலாளர். நிறுத்தட்டுமா?
(விற்பனைத் தளம் ஒன்றில் தரவு பார்க்கும் வாசகர்)

நிறுத்தாதீர்கள். உங்கள் எண்களையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். அணிக்கு 10,000 மனிதர்கள் என்று வையுங்கள். பழையதில் 500 பேர் வாங்கினார்கள், புதியதில் 600 பேர். இப்போது அணிக்கு 10,000 பாட்கள் வந்து, எதையும் வாங்காமல் போகின்றன. 20,000-இல் 500 என்றால் 2.5 சதவீதம், 600 என்றால் 3. புதிய வடிவம் 20 சதவீதம் மேல் என்பது முன்பும் உண்மை, இப்போதும் உண்மை.

பலர் கவனிக்காத சங்கதி இனிமேல்தான். இந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று சொல்லும் இசட் மதிப்பைக் கணக்கிட்டால், பாட் வருமுன் 3.10, வந்த பின் 3.06. நகரவே இல்லை என்று சொல்லலாம். சும்மா வந்து சும்மா போகிற பாட், அறிக்கையின் முகத்தைக் கெடுக்கும். முடிவை அவ்வளவாகக் கெடுக்காது. கெடுவது வேறோர் இடத்தில். அந்த அரை சதவீதப் புள்ளி உயர்வை எடுத்து, உங்கள் மேலாளர் மனித வருகையால் பெருக்கி வருடாந்தர வருமானம் சொன்னால், பாதித் தொகைதான் வரும். எந்த எண்ணை எதனோடு பெருக்குகிறோம் என்பதில் அவர் கவனமாக இருந்தால் போதும். முதல் வாரத்தை இரண்டாம் வாரத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஓர் அணியை இன்னோர் அணியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சோதனை என்று ஒன்றை வைத்ததே அதற்குத்தான்.

ஆனால் இந்த ஆறுதல், வாங்கினாரா இல்லையா என்ற ஆம்-இல்லை கணக்குக்கு மட்டும். அடுத்த கடிதத்தையும் படித்துவிடுங்கள்.

அக்கா, குலுக்கல்தானே? பாட்களும் இரண்டு அணிக்கும் சமமாகத்தானே விழும்? அப்படியென்றால் அவற்றை வடிகட்டுவது வீண் வேலை இல்லையா?
(நிரலாளர் ஒருவர்)

தம்பி, வாசலில் சமமாக விழும் என்பது சரி. உள்ளே நுழைந்த பிறகு என்ன செய்கின்றன என்பதற்குக் குலுக்கல் பொறுப்பேற்காது.

முதலில் ஒற்றைப் பெரிய பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சராசரியாக எத்தனை பக்கம் பார்க்கிறார் என்பதை அளக்கிறீர்கள். அணிக்கு 10,000 பேர், சராசரி 4 பக்கம், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஆட்கள் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்ற அளவு) 5 என்று இருக்கட்டும். குக்கியை (வந்தவரை அடையாளம் காணத் தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) பத்திரமாக வைத்துக்கொண்டு சுற்றும் ஒரே ஒரு பாட் இரண்டாம் அணியில் விழுந்து 50,000 பக்கங்களை எடுத்தால் அந்த அணியின் சராசரி 4-இலிருந்து 9 ஆகிவிடும். வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே ஒரு யானையை நிறுத்திச் சராசரி எடை போடுகிற கதைதான். புதிய வடிவம் அபாரம் என்று யாராவது குதித்தால் அதைச் சுலபமாக அடக்கிவிடலாம், ஏனென்றால் சராசரி எவ்வளவு தடுமாறும் என்று சொல்லும் திட்டப் பிழை 0.05-இலிருந்து ஏறக்குறைய 5-க்குத் தாவியிருக்கும், இசட் போலவே தற்செயலா என்று சொல்லும் டி மதிப்பு 1-ஐ ஒட்டி நிற்கும், அதாவது தற்செயலாகவே இருக்கலாம். அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. புதிய வடிவத்தால் உண்மையிலேயே ஆளுக்கு 0.3 பக்கம் கூடியிருந்தால், பாட் இல்லாத தரவில் அது பளிச்சென்று தெரியும். டி மதிப்பு 4-க்கு மேல். அந்த ஒரு பாட் வந்ததும் அது புதைந்துபோகும். நல்ல யோசனை ஒன்று “பலனில்லை” என்ற முத்திரையோடு குப்பைக்குப் போகும். யாரும் அழக்கூட மாட்டார்கள்.

இதற்கு மருந்து எளிது: உச்சவரம்பு. ஒருவர் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பக்கத்துக்கு மேல் ஏறாது என்று வைத்தால், மேற்படி பாட் ஒரு நாளில் சராசரியைக் கூட்டுவது 0.01 மட்டுமே. ஆளை நீக்கவில்லை, அவர் எடையை மட்டும் குறைத்தோம். வரம்பு எவ்வளவு என்பதைச் சோதனை தொடங்குமுன் எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு வரம்பை நகர்த்துகிறவர்களிடம் எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

இனி குக்கியே வைத்துக்கொள்ளாத வகை. கூகுள் தேடலுக்காகப் பக்கங்களைச் சேகரிக்கும் கூகுள்பாட், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டிப் பார்க்கும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் குக்கியைக் கொண்டு போகாது. குக்கியை வைத்து ஆளை எண்ணும் அமைப்புக்கு, அது தொடும் ஒவ்வொரு பக்கமும் ஒரு புது ஆள். வந்தார், ஒரு பக்கம் பார்த்தார், போனார். இந்த வகை இரண்டு அணிக்கும் பரவலாக விழும், முதல் கடிதத்தில் பார்த்தபடி விகிதம் நீர்த்துப்போவது மட்டும் நடக்கும்.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது, கண்டுபிடிக்கக் கொஞ்சம் மூளை வேண்டும் என்பதால். நீங்கள் செய்த மாற்றத்துக்கே பாட் வேறு மாதிரி நடந்துகொள்ளும். புதிய வடிவத்தில் இணைப்புகள் கூடுதல் என்றால் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகும் க்ராலர் கூடுதல் பக்கங்களைத் தொடும். விலையைச் சுரண்டி எடுக்கும் நிரல், உங்கள் எச்டிஎம்எல் மாறியதும் தான் தேடும் இடத்தைக் காணாமல் மீண்டும் மீண்டும் அதே பக்கத்தைக் கேட்கும், அல்லது செத்துப்போகும். புதிய வடிவத்தை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டுக் காட்டினால், திருப்பத்தைப் பின்தொடராத பாட் பழைய அணியில் மட்டும் எண்ணப்படும். குலுக்கல் சுத்தமாக நடந்தும் இரண்டு அணியும் ஒப்பிடத் தகாதவையாகிவிடும். “எத்தனை பாட்?” என்று கேட்பதைவிட “என் இரண்டு அணிகளையும் பாட் வேறுபடுத்திப் பார்க்கிறதா?” என்று கேட்பதே சரியான கேள்வி.

சரிபாதியாகப் பிரித்தோம். ஒரு பக்கம் 50,600, மறுபக்கம் 49,400 வந்தது. ஒரு சதவீத வித்தியாசம் சகஜம் என்கிறார்கள். அப்படியா?
(புள்ளியியல் மாணவி)

1,000 பேரில் 506-க்கு 494 என்று வந்திருந்தால் சகஜம்தான். ஒரு லட்சத்தில் இது சகஜமில்லை. எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து விலகலை அளக்கும் கை-வர்க்கச் சோதனை போட்டால் 14.4 வரும், இவ்வளவு விலகல் தற்செயலாகவே வரும் வாய்ப்பான பி மதிப்பு சுமார் 0.00015. குலுக்கல் ஒழுங்காக இருந்தால் இவ்வளவு விலகல் 6,700 சோதனைக்கு ஒரு முறை தலைகாட்டும். பி மதிப்பு 0.001-க்குக் கீழே போனால் முடிவைப் பார்க்கவே கூடாது என்பது இந்தத் துறையில் வழக்கமான எல்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், தங்கள் சோதனைகளில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் இந்தக் கோளாறு இருந்ததாக எழுதினார்கள். அவ்வளவு பெரிய, பழகிய குழுவுக்கே அந்த நிலை.

பாட்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். ஒரு வடிவம் மெதுவாகத் திறந்தால், பதிவு ஆவதற்குள் மனிதர்களே ஓடிவிடுவார்கள். உலாவி வாரியாக, மணி வாரியாக, நுழைந்த பக்கம் வாரியாக உடைத்துப் பாருங்கள். பாட் என்றால் வித்தியாசம் முழுவதும் ஏதோ ஒரு மூலையில் குவிந்திருக்கும்: ஒரே பழைய உலாவிப் பதிப்பு, அல்லது ஆள் நடமாட்டம் குறையும் நேரத்திலும் குறையாமல் நேர்கோடாக ஓடும் வருகை.

ஒரு நாளைக்கு 200-க்கு மேல் கிளிக் செய்கிறவரை பாட் என்று எண்ணி, சோதனை முடிந்ததும் நீக்கிவிடுகிறோம். அப்புறமும் முடிவு விசித்திரமாக இருக்கிறது. புதிய வடிவத்தை எல்லோரும் நேரில் பாராட்டுகிறார்கள், எண்ணில் மட்டும் தோற்கிறது.
(செய்தித் தளம் ஒன்றின் வடிவமைப்பாளர்)

நீங்கள் எழுதியதைப் படித்ததும் மைக்ரோசாஃப்டின் செய்தித் தளமான எம்எஸ்என் கதை நினைவுக்கு வந்தது. நான் மேலே சொன்ன அதே 2019 கட்டுரையில் இருக்கிறது. முகப்புப் பக்கத்தில் சுழலும் செய்திப் பட்டையில் 12 அட்டைகள் இருந்ததை 16 ஆக்கிப் பார்த்தார்கள். கூடுதல் செய்தி, கூடுதல் கிளிக் என்று எதிர்பார்த்தால், எண்கள் ஈடுபாடு குறைந்ததாகக் காட்டின. கூடவே அணிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது: புதிய பட்டையில் சில வாசகர்கள் அவ்வளவு உற்சாகமாக மேய்ந்திருக்கிறார்கள், பாட் வடிகட்டி அவர்களை மனிதர்கள் என்று நம்பவில்லை. எடுத்து எறிந்துவிட்டது. அதைத் திருத்தியதும் முடிவு தலைகீழானது, புதிய வடிவம் ஜெயித்தது.

உங்கள் 200 கிளிக் விதியும் அதே வேலையைத்தான் செய்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். பழைய வடிவத்தில் 190 கிளிக் செய்த தீவிர வாசகர், புதியதில் 210 செய்தால் அவர் “பாட்”. உங்கள் வெற்றிக்குச் சாட்சி சொல்ல வேண்டியவரையே கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறீர்கள்.

நான் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. ஒருவரை நீக்குவதற்கான காரணம், அவர் எந்த அணி என்று தீர்மானமாவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் கோரிக்கையில் வந்த யூசர் ஏஜென்ட் (உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் வரி), ஐபி முகவரி ஒரு டேட்டா சென்டருடையதா என்பது, சோதனைக்கு முந்தைய வாரங்களில் அதே ஆளின் நடத்தை, இவையெல்லாம் பாதுகாப்பானவை. சோதனைக்குள் நடந்த கிளிக்கை வைத்து வடிகட்டுவது அபாயம். வேறு வழியில்லாமல் அப்படி வடிகட்டினால், வடிகட்டுமுன் ஒரு முறை, வடிகட்டிய பின் ஒரு முறை அணிகளின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முன்பு சமமாக இருந்து பின்பு சாய்ந்தால், குற்றவாளி உங்கள் வடிகட்டிதான்.

நீக்கவே வேண்டாம், குறியிட்டு வையுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அழித்த பதிவைத் திரும்ப எண்ண முடியாது. டேட்டா சென்டர் முகவரியிலிருந்து வருகிறவர் தன் முகவரியை மறைக்கும் விபிஎன் வழியாக வரும் மனிதராகவும் இருக்கலாம். மொபைல் நெட்வொர்க்கில் ஏராளமானோர் ஒரே ஐபிக்குப் பின்னால் நிற்பார்கள்; “ஒரே முகவரியிலிருந்து இவ்வளவு பேரா” என்று வெட்டினால் ஒரு கூட்டத்தையே வெட்டிவிடுவீர்கள்.

கூகுள் அனலிட்டிக்ஸ் தானே பாட்களை எடுத்துவிடுகிறதே, நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

ஜிஏ4, அதாவது வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு, “தெரிந்த” பாட்களை எடுக்கிறது. தன் சொந்த ஆய்வையும், விளம்பரத் துறை அமைப்பான ஐஏபி பராமரிக்கும் பாட் பட்டியலையும் வைத்து அதைச் செய்கிறது. அதை நிறுத்தவும் முடியாது, எவ்வளவு எடுத்தது என்று பார்க்கவும் முடியாது. நான் பாட் என்று சொல்லிக்கொண்டு வருகிறதுதான் அந்தப் பட்டியலில் மாட்டும். சாதாரண குரோம் உலாவி மாதிரி வேடம் போட்டு, திரையில்லாமல் ஓடும் ஹெட்லெஸ் குரோம் மாட்டாது. சர்வர் லாகையும் (சர்வர் தானே எழுதும் வருகைப் பதிவு) அனலிட்டிக்ஸ் டேஷ்போர்டையும் வாரம் ஒரு முறையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாது, அந்த இடைவெளி திடீரென்று மாறும் நாள்தான் முக்கியம்.

பாட்கள் எங்கே வரக் கூடாது என்று தளம் எழுதி வைக்கும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் தடை போட்டும் வருகிறார்களே?

வருவார்கள். மார்ட்டின் கோஸ்டர் 1994-இல் முன்வைத்த அந்த ஏற்பாடு 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான தரநிலையானது. அந்த ஆவணமே இது அனுமதிக் கட்டுப்பாடு கிடையாது என்று எழுதியிருக்கிறது. மரியாதை தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பலகை. கூகுள்பாட் என்று சொல்லி வருகிறதைச் சோதிக்க, ஐபியிலிருந்து அந்த சர்வரின் பெயரைத் தேடுங்கள், அந்தப் பெயரிலிருந்து திரும்ப ஐபியைத் தேடுங்கள். இரண்டும் பொருந்தி, பெயர் கூகுளின் டொமைனில் முடிந்தால் நிஜம். இல்லையென்றால் வேடதாரி.

இணையத்தில் பாதிக்கு மேல் பாட் என்று படித்தேன். உண்மையா?

இம்பெர்வா நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையில், 2024-ஆம் ஆண்டின் போக்குவரத்தில் 51 சதவீதம் தானியங்கி என்று சொல்லியிருந்தது. பாட் தடுப்பு விற்கிற நிறுவனம் என்பதையும் மனதில் வையுங்கள். எண் பொய் என்று சொல்லவில்லை; உங்கள் தளத்துக்கு அது பொருந்த வேண்டிய அவசியமில்லை என்கிறேன். ஒரே தளத்திலேயே தேடல் பக்கத்திலும் விலைப் பக்கத்திலும் குவியும் பாட், “எங்களைப் பற்றி” பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காது.

மின்மடலுக்கு இரண்டு தலைப்பு வைத்துச் சோதித்தோம். அனுப்பிய சில நொடிகளில் கிளிக் கொட்டுகிறது. கொண்டாடலாமா?
(மடல் ஆசிரியை)

பொறுங்கள். அலுவலக மின்னஞ்சல்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பாதுகாப்பு ஸ்கேனர்கள், மடல் உள்ளே போகுமுன் அதிலுள்ள இணைப்புகளை எல்லாம் தட்டிப் பார்க்கும். உங்கள் கணக்கில் அது கிளிக். மடல் சேர்ந்த நொடியிலேயே எல்லா இணைப்பும் தட்டப்பட்டிருந்தால் அது மனிதர் இல்லை. மனிதர் கண்ணுக்குப் படாத ஓர் இணைப்பை மடலில் வைத்து, அதைத் தட்டியவர்களைக் குறித்துக்கொள்வது பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது. திறந்து பார்த்த விகிதத்தை நம்பித் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதை அறவே விட்டுவிடுங்கள். ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். உங்கள் பட்டியலில் ஆப்பிள் மெயில் பயன்படுத்துகிறவர் பலர் “திறந்தவர்” ஆகிவிடுவார்கள். தலைப்புச் சோதனைக்கு, மடலிலிருந்து தளத்துக்கு வந்து வேறு ஏதாவது ஒரு காரியம் செய்தவர்களை எண்ணுங்கள். எண் சிறியதாக இருக்கும், நம்பகமாக இருக்கும்.

எனக்குப் பார்வை இல்லை. ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் இணையத்தில் இயங்குகிறேன். படிவங்களை நிரப்பி அனுப்பினால் “நீங்கள் பாட்” என்று சில தளங்கள் திருப்பி அனுப்புகின்றன. உங்கள் துறைக்காரர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கேட்கிறேன், இங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி. பாட் பிடிக்கப் படிவத்தில் மறைவாக ஒரு கட்டம் வைக்கிறார்கள். ஹனிபாட் என்று பெயர். கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியாது, பாட் நிரப்பிவிடும். அதைத் திரைக்கு வெளியே தள்ளி மட்டும் வைத்தால், ஸ்கிரீன் ரீடர் அதையும் வாசித்துச் சொல்லும், நீங்களும் ஒழுங்காக நிரப்புவீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கட்டத்தை ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும் மறைக்க வேண்டும், டேப் விசை அங்கே போய் நிற்காதபடியும் செய்ய வேண்டும், தப்பித்தவறி அது வாசிக்கப்பட்டாலும் “இதைக் காலியாக விடுங்கள்” என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி வேலை. மவுஸ் அசையவில்லை, அதனால் பாட் என்று தீர்ப்பெழுதும் வடிகட்டியும் இதே அநியாயத்தைத்தான் செய்கிறது. விசைப்பலகையை மட்டும் நம்பி இயங்கும் அத்தனை பேரையும் அது சோதனைக்கு வெளியே தள்ளுகிறது. அப்புறம் “எங்கள் பயனர்களில் பார்வையற்றோர் யாருமில்லை” என்று அறிக்கை எழுதுவார்கள்.

இணையவழி உளவியல் ஆய்வு செய்கிறேன். பதில் சொல்கிறவர் பாட்டா என்று எப்படி அறிவது?

2018-இல், சிறு வேலைகளுக்கு இணையத்தில் ஆள் பிடித்துத் தரும் அமேசான் மெக்கானிக்கல் டர்க்கில் ஆய்வாளர்கள் இதே பீதியில் இருந்தார்கள். திறந்த கேள்விக்கு “நல்லது”, “அருமை” என்று சம்பந்தமில்லாத பதில்கள், பலருக்கும் ஒரே இடக் குறியீடு. ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல சர்வர் வழியாக இருப்பிடத்தை மறைத்து வந்த மனிதர்கள்தாம் என்று கண்டார்கள். உங்களிடமும் பாட் என்று தோன்றுகிறவர் அப்படிப்பட்ட மனிதராக இருக்கலாம். எந்தப் பதிலைத் தள்ளுவது என்ற விதியை, தரவு வருமுன் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி என்று வையுங்கள். இப்போது ஏஐ ஏஜென்ட் மனிதருக்காகத் தானே தளத்துக்கு வந்து, தேர்ந்தெடுத்து, வாங்கியும் விடுகிறது. இது ஆளா, பாட்டா?

ஆர்டர் நிஜம், பணமும் நிஜம். வருமானக் கணக்கில் அதைத் தள்ள உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் பட்டனைப் பச்சையாக்கினால் விற்பனை கூடுமா என்பது உங்கள் சோதனை என்றால், பக்கத்தின் நிரலை வாசித்துக் காரியம் முடிக்கும் ஏஜென்டுக்குப் பச்சையும் ஒன்று, சிவப்பும் ஒன்று. அங்கே அது நீர்க்கவைக்கும் கூட்டம். பட்டனுக்குத் தெளிவான பெயர் வைத்தால் விற்பனை கூடுமா என்பது சோதனை என்றால், மனிதரைவிட ஏஜென்டே அதிகம் பாதிக்கப்படலாம். சோதனைக்குச் சோதனை பதில் மாறும்.

நான் இப்போது செய்வது இது. பயனர் அட்டவணையில் ஒரு பத்தி கூடுதல். ஆள், பாட், ஏஜென்ட், தெரியவில்லை என்று நான்கு மதிப்பு. முதல் கோரிக்கையிலேயே நிரப்பப்படும், பிறகு மாற்றப்படாது. முடிவை மொத்தமாக ஒரு முறை, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முறை எழுதுகிறேன். “தெரியவில்லை” பிரிவு பெரிதாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் அதிகாரிகள் உண்டு. அவர்களுக்காக அதைச் சின்னதாக்கிக் காட்டுவதில்லை.